முறிந்த குறுக்காணி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நகர்ப்புறங்களை அடுத்தும் சிற்றூர்களிலும் வாழ்வோருள் பலர், தம் வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ நிலம் உடையவராய் இருக்கின்றனர். வேனிலில் அந்நிலத்துப் புல்லை வெட்ட வேண்டும். காய்கறிப் பாத்திகளை உழ வேண்டும். இலையுதிர் காலத்தில் சருகும் விறகும் சுமக்க வேண்டும். குளிர்காலத்தில் வாயிலை அடைத்துக் கிடக்கும் பனியைத் தள்ள வேண்டும். இவற்றிற்குப் பெரிய டிராக்டர் மிகை. கையால் தள்ளும் புல்வெட்டியோ குறை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், ஒருவர் அமர்ந்து ஓட்டத்தக்கதாய் எழுந்த சிறு வண்டியே தோட்ட டிராக்டர் ஆகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தகைய வண்டிகள் அந்நாட்டில் பெருகின. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்னும் நிறுவனம் 1961ஆம் ஆண்டில், கப் கேடட் என்ற பெயரால், 7 குதிரைத் திறனுடைய தோட்ட டிராக்டர் ஒன்றை வெளியிட்டது. அதன் பல்சக்கரப் பெட்டி, அதே நிறுவனம் உழவர்களுக்கெனச் செய்துவந்த ஃபார்மால் கப் என்னும் சிறு டிராக்டரின் பெட்டியைத் தழுவி அமைந்ததாகும். வீட்டுத் தோட்டத்து வண்டிக்கு உழவர் வண்டியின் முதுகெலும்பு வாய்த்தது. இதனாலேயே அக்காலத்து வண்டிகளுள் பல, அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் கொட்டிலில் ஓய்வு பெறாமல் உழைத்துவருகின்றன. அந்நிறுவனம் 1981இல் இத்தொழிலைப் பிறர்க்கு விற்றுவிட்ட பின்னரும், பழைய வண்டிகளைப் பழுது பார்த்துப் பேணுவோர் குறையவில்லை.

1961இல் வந்த அம்முதல் வண்டியில், பொறியின் ஆற்றல் ஒரு வார்ப்பட்டையின் வழியாகவே பின்னுக்குச் சென்றது. 1963இல் வந்த வண்டிகளில் பட்டை நீங்கியது. அதனிடத்தில் எஃகுத் தண்டு ஒன்று வந்தது. இம்மாற்றத்தால் விளைந்த நன்மை வெளிப்படை. பட்டை தேயும், நீளும், மழையில் நனைந்தால் வழுக்கும். தண்டுக்கு இக்குறைகள் இல்லை. ஆயினும் பட்டைக்கு ஒரு குணம் உண்டு. சக்கரம் கல்லில் முட்டிச் சட்டென நின்றால், பட்டை சிறிது வழுக்கி, அவ்வதிர்ச்சியைத் தானே விழுங்கிக்கொள்ளும். தண்டு அவ்வாறு வழுக்குவதில்லை. தன் ஒரு முனையில் ஏற்பட்ட அடியை மறுமுனைக்கு அப்படியே கொண்டுசேர்க்கும். ஆற்றலைச் சிந்தாமல் கொண்டுசெல்லும் உறுப்பு, அதிர்ச்சியையும் சிந்தாமல் கொண்டுசெல்கின்றது.

இவ்வகை வண்டியில் ஆற்றல் செல்லும் வழி இது. முன்புறம் ஒற்றை உருளைப் பொறி அமர்ந்திருக்கும். அதனை அடுத்துக் கிளச்சு இருக்கும். ஓட்டுநர் காலால் மிதித்தால் பொறிக்கும் தண்டுக்கும் உள்ள தொடர்பு விலகும். காலை எடுத்தால் தொடர்பு மீளும். கிளச்சிலிருந்து புறப்படும் சுழல்தண்டு, ஓட்டுநரின் கால்களுக்கு இடையே, வண்டியின் சட்டத்துக்குள் மறைந்து, பின்னோக்கிச் செல்லும். பின்புறத்தில் பல்சக்கரப் பெட்டியினின்றும் ஒரு குறுந்தண்டு நீண்டிருக்கும். இவ்விரு தண்டுகளின் முனைகளையும் குழல் போன்ற இணைப்பான் ஒன்று தழுவி நிற்கும். இணைப்பானையும் தண்டையும் குறுக்கே ஊடுருவும் துளைகளில் ஆணிகள் அடிக்கப்பட்டிருக்கும். தொழிலறைகளில் ரோல் பின் என்று வழங்கும் இவ்வாணி, கெட்டியான கம்பியன்று. எஃகுத் தகட்டைச் சுருட்டிச் செய்த சிறு குழல். துளையைவிடச் சற்றே பெரிதாகச் செய்யப்பட்டிருப்பதால், உள்ளே அடிக்கப்பட்டதும் சுருங்கி, பின் விரிய முயன்று, துளையின் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். குறுக்கே நிற்பதால் இதனைக் குறுக்காணி எனலாம். நீளம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகும். குறுக்களவு கால் அங்குலம். மாட்டு வண்டிக்குக் கடையாணி எத்தகையதோ, இவ்வண்டிக்குக் குறுக்காணி அத்தகையது.

இத்தகைய பழைய வண்டி ஒன்று ஒருவரிடம் இருப்பதாகக் கொள்க. 10 குதிரைத் திறனுடையது. தந்தை காலத்தில் வாங்கியது. ஓட்டத்தில் குறையொன்றும் காணாதது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவர் விறகு ஏற்றிய இழுவண்டியைப் பின்னே பூட்டிக்கொண்டு, வீட்டுக்குச் செல்லும் மேட்டின்மீது ஏறுகின்றார். பாதி வழியில் ‘டக்’ என்றோர் ஒலி. பொறி முன்னிலும் விரைந்து ஓடுகின்றது; வண்டியோ நின்றுவிடுகின்றது. அடுத்த நொடியில் அது பின்னோக்கி நகரத் தொடங்குகின்றது. பொறிக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அற்றுப்போனமையால், பொறி இனி வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அவர் தடையை அழுத்தமாக மிதிக்க, விறகுச் சுமை பின்னிழுக்க, வண்டி ஒருவாறு நிற்கின்றது. தடை மட்டும் தேய்ந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது யாது என்பதை எண்ணவும் அவர் விரும்பவில்லை.

பார்த்தால் குறுக்காணி முறிந்திருக்கின்றது. சில காசுப் பொருள். புதியதொன்று வாங்கி அடித்து வேலையை முடிக்கின்றார். மூன்று வாரங்களில் அதுவும் முறிகின்றது. மற்றொன்று அடிக்கின்றார், அதுவும் முறிகின்றது. இந்நிலையில் ஏறக்குறைய அனைவருக்கும் தோன்றும் எண்ணமே அவருக்கும் தோன்றுகின்றது. ஆணி வலிவற்றது, ஆகவே வலிவுள்ளது ஒன்றை அடிக்க வேண்டும் என்று எண்ணி, கடினப்படுத்திய எஃகாலான மரையாணி ஒன்றைத் துளையில் செலுத்தி, மரையைத் திருகி இறுக்கிவிடுகின்றார். மரையாணி முறியவில்லை. சில மாதங்கள் அமைதியாகக் கழிகின்றன. பனிக்காலத்தின் நடுவில், வாயிலில் பனி மலையாய்க் குவிந்திருக்கும் நாளன்று, சுழல்தண்டே துளையின் குறுக்கே முறிந்துவிடுகின்றது. சில காசுகளில் முடிந்த செலவு இப்பொழுது நூறு மடங்காயிற்று.

குறுக்காணி உண்மையிலேயே வலிவற்றதுதானா? இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. நிமிடத்துக்கு 3600 முறை சுழலும் 10 குதிரைத் திறன் பொறி, தண்டைத் திருகும் அளவு ஏறக்குறைய 175 அங்குல இராத்தல் ஆகும். தண்டின் குறுக்களவு 5/8 அங்குலம் என்றால், தண்டின் மேற்பரப்பில், ஆணியின் இரு பக்கங்களிலும் ஏறக்குறைய 280 இராத்தல் வீதம் விசை தாக்கும். கால் அங்குல எஃகுக் குறுக்காணியை ஒரு பக்கத்தில் வெட்டித் துண்டாக்குவதற்கோ 3500 இராத்தலுக்குமேல் விசை வேண்டும். அஃதாவது, பொறி சீராகத் திருகும் விசையைப்போல் பன்னிரண்டு மடங்கு விசையை ஆணி தாங்கவல்லது. ஒற்றை உருளைப் பொறி சீராகத் திருகுவதில்லை என்பது உண்மையே. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அதன் உருளையில் எரிபொருள் வெடித்து உந்துகின்றது; சுழற்சியைச் சீராக்கும் பளுச்சக்கரம் இருப்பினும், நிமிடத்துக்கு 1800 உந்துகள் தண்டை வந்து தாக்குகின்றன. அவற்றின் உச்சத்தைக் கருதினாலும் ஆணியிடம் இருப்பு மிச்சமே. ஆகவே ‘ஆணிக்கு வலிவில்லை’ என்ற முடிவு கணக்கின் முன் நில்லாது. வலிவுடைய ஆணி முறிகின்றது என்றால், அதன்மேல் வந்து விழுவது பொறியின் நேர்மையான விசை மட்டும் அன்று.

இதன் விடையை அறிய, இரயில் வண்டிகளின் தொடக்க காலத்துக்குச் செல்ல வேண்டும். 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், பிரான்சு நாட்டில், வெர்சேல்சில் நிகழ்ந்த விழாவைக் கண்டு மக்கள் பாரிசு நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். முன்னே சென்ற இரயில் எஞ்சினின் அச்சு திடீரென முறிந்தது. எஞ்சின் கவிழ, பின்வந்த பெட்டிகள் அதன்மேல் மோதித் தீப்பற்றின. பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தமையால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வச்சு அதற்கு முன் எத்தனையோ முறை அதே சுமையைத் தாங்கி ஓடியிருந்தது. முந்திய நாள் வரை தாங்கிய அச்சு அன்று தாங்காமற் போனது ஏன் என்ற வினா பொறியியலாரை வாட்டியது. ஜெர்மானியரான ஆகஸ்டு வோலர் என்பவர் 1850களிலும் 1860களிலும், தண்டுகளைச் சுழற்றிக்கொண்டே வளைக்கும் பொறிகளை அமைத்துப் பல ஆண்டுகள் சோதனை செய்தார். ஒரே முறை தாக்கினால் எஃகை ஒன்றும் செய்யாத விசை, இலட்சக் கணக்கில் மீண்டும் மீண்டும் தாக்கினால் அதனை முறித்துவிடும் என்பது அச்சோதனைகளால் நிறுவப்பட்டது. அவ்விசை ஓர் எல்லைக்குக் கீழே அடங்கியிருந்தால், எஃகு எத்தனை முறையாயினும் தாங்கும் என்பதும் தெளிவாயிற்று. இவ்வாறு முறிவதனை உலோக அயர்வு என்பர். மெல்லிய இரும்புக் கம்பியை இழுத்து அறுக்க இயலாத சிறுவனும், அதனை முன்னும் பின்னும் சிலமுறை மடக்கி எளிதில் முறித்துவிடுவது இதனைப் போன்றதே.

வளைந்து சுழலும் தண்டின் நிலை அதுவே. முன்னிருக்கும் பொறியும் பின்னிருக்கும் பெட்டியும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால், அவற்றை இணைக்கும் தண்டு சிறிது வளைந்தே சுழல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒவ்வொரு பக்கமும் ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை நெரிபடுகின்றது. நிமிடத்துக்கு 3600 முறை. மணிக்கு 2,16,000 முறை. இருபது மணி நேர வேலைக்குள் தண்டும் இணைப்பானும் அவற்றிடையே அகப்பட்ட குறுக்காணியும் 43,20,000 முறை மடக்கப்பட்டுவிடும். இழுத்த சுமை ஆணியை முறிக்கவில்லை. மேட்டின்மேல் ஏறும்போது முறிந்தது, முன்னரே முக்காற் பங்கு வெடித்திருந்த ஆணியின் எஞ்சிய காற்பங்கே.

முறிந்த துண்டே இதற்குச் சான்று கூறும். பழுது பார்ப்போர் பெரும்பாலும் அதனைத் துளையிலிருந்து தட்டி வெளியேற்றிக் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். இதனினும் பெரிய இழப்பு வேறில்லை. துண்டின் முகத்தைத் துடைத்து, வெளிச்சத்தில், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதல் வேண்டும். ஒரே அடியில் முறிந்ததாயின், ஆணி வெட்டுண்ட திசையில் இழுபட்டு, முகம் முழுவதும் ஒரே தன்மையாய்த் தோன்றும். அயர்வால் முறிந்ததாயின், முகத்தில் இரண்டு பகுதிகள் காணப்படும். ஒரு பகுதி, வெடிப்பின் இரு பக்கங்களும் நெடுநாள் ஒன்றோடொன்று உராய்ந்தமையால் வழவழப்பாய், சில வேளைகளில் துருவேறியும் இருக்கும். கடல் பின்வாங்கிய மணலில் அலைகள் விட்டுச்சென்ற கோடுகளைப்போல் வளைந்த வரிகளும் அங்கே தோன்றலாம். வெடிப்பு நாள்தோறும் முன்னேறித் தங்கிய இடங்களே அவ்வரிகள். மற்றொரு பகுதி, இறுதியில் முறிந்த இடம். புதிதாய், கரடுமுரடாய் இருக்கும். குறுக்காணி மெல்லிய சுருள் ஆதலின் அதில் இவ்வடையாளங்களைக் காண்பது அரிது. தண்டின் முகத்தில் தெளிவாய்க் காணலாம். வழவழப்பான பகுதி பெரிதாயும் கரடான பகுதி சிறிதாயும் இருந்தால், தண்டின்மேல் இருந்த சுமை சிறியது, முறித்தது நாட்பட்ட வளைவே என்று துணியலாம்.

ஆணித் துளையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருக்கின்றதா என்பதும் நோக்கத்தக்கது. அது வெறும் மழைத்துரு அன்று. இறுகப் பொருந்தியிருக்க வேண்டிய இரண்டு எஃகுப் பரப்புகள், கண்ணுக்குப் புலனாகாத அளவு அசைந்து, ஒன்றையொன்று அராவியதால் உதிர்ந்த தூள் அது. அப்பொடி உள்ள இடத்தில் அசைவு உண்டு. அசைவு வளர வளர வட்டமான துளை முட்டை வடிவம் கொள்ளும். பின்னர் ஒவ்வோர் உந்தும் ஆணியைத் தள்ளுவதை விடுத்துச் சம்மட்டிபோல் அடிக்கும். சுவரில் அழுத்திப் பிடித்த ஆணியையும், சுத்தியால் அடித்த ஆணியையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். முட்டைத் துளையில் அடித்த புதிய ஆணி நெடுநாள் நிலைக்காதது இதனாலேயே. முதல் ஆணி முறியக் காரணம் எதுவாயினும், இரண்டாம் மூன்றாம் ஆணிகள் முறிய முதல் முறிவே துணைக் காரணம் ஆகிவிடுகின்றது.

அந்த உரிமையாளர் தண்டு முறிந்த பின்னரே இவற்றை ஆராயத் தலைப்பட்டதாகக் கொள்க. எரிபொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிப் பொறி தற்செயலாய் இயங்காவண்ணம் செய்கின்றார். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கின்றார். புதிய தண்டை அதன் இடத்தில் வைத்து, ஆணிகளை அடியாமல், இணைப்பானைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கின்றார். இரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் இணைப்பான் எதிர்ப்பின்றி வழுக்கிச் செல்லும். இங்கோ அது சிக்கிக்கொள்கின்றது. சுத்தியால் தட்டினால் நகர்கின்றது. தட்டி நகர்த்திய பின் தண்டை விடுவித்தால், அது மேல்நோக்கித் துள்ளி விலகுகின்றது. கருவி எதுவும் இன்றிச் செய்யத்தக்க இச்சோதனை, பல நூறு வண்டிகளைக் காக்கவல்லது. முதல் ஆணி முறிந்த நாளில் இதனைச் செய்திருந்தால் கால் நாழிகைகூட ஆகியிராது.

நேர்கோடு கெட்டது ஏன்? அதற்கு அடுத்தபடி செல்ல வேண்டும். ஒற்றை உருளைப் பொறி இயல்பாகவே நடுங்கும். தொடக்க காலத்து வண்டிகளில் பொறி சட்டத்தோடு நேரே மரையாணிகளால் பிணிக்கப்பட்டிருந்தது. நடுக்கம் முழுவதும் ஓட்டுநரின் உடலையே சென்று சேர்ந்தது. 1974ஆம் ஆண்டையொட்டி வந்த கப் கேடட் வண்டிகளில் பொறிக்கும் சட்டத்துக்கும் இடையே இரப்பர்த் தாங்கிகள் அமைக்கப்பட்டன. நடுக்கமும் ஓசையும் தணிந்தன. அமர்ந்து ஓட்டுபவர்க்கு அது பெரிய நலமே. ஆனால் இரப்பர் எஃகன்று. வெப்பத்தால் கெட்டியாகி வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊறி மென்மையாகும். ஆண்டுக் கணக்கில் சுமை தாங்கினால் அமிழும். ஐம்பது ஆண்டு கழிந்த இரப்பர் புதுநாளில் நின்ற உயரத்தில் நிற்கும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. தாங்கி அமிழ்ந்தால் அதன்மேல் அமர்ந்த பொறி இறங்கும். பொறி இறங்கினால் தண்டின் முன்முனை இறங்கும். பின்முனையோ பல்சக்கரப் பெட்டியின் வார்ப்பிரும்பில் அசையாது நிற்கும்.

அவ்வண்டியில் அளந்து பார்த்தபொழுது, வலப்புறத் தாங்கி இடப்புறத்ததைவிடக் கால் அங்குலம் தாழ்ந்திருக்கின்றது. ஒரே வயதுடைய இரண்டு தாங்கிகளுள் ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு அமிழ்ந்தது என்று கேட்டு, விளக்கை அருகே கொண்டுசென்று நோக்கினால், அத்தாங்கி கருத்து, பிசுபிசுத்து, விரலால் அழுத்தினால் குழிகின்றது. அதற்கு நேர்மேலே, பொறியின் அடிப்பெட்டி இணைப்பில் எண்ணெய் கசிந்து ஒழுகியிருக்கின்றது. துளித்துளியாய்ப் பல ஆண்டு ஒழுகிய எண்ணெயே மூலம். எண்ணெய் இரப்பரை இளக்கியது. இளகிய இரப்பர் பொறியைச் சாய்த்தது. சாய்ந்த பொறி தண்டை வளைத்தது. வளைந்த தண்டு ஆணியை முறித்தது. முறிந்த இடத்துக்கும் மூலத்துக்கும் இடையே இரண்டடித் தொலைவு. ஆணியை மட்டுமே நோக்கியிருந்தவர் கண்ணுக்கு அவ்விரண்டடி எட்டவில்லை.

எல்லா வண்டியிலும் இதுவே காரணம் என்று கருதிவிடலாகாது. இரப்பரே இல்லாத பழைய வண்டியில், சட்டத்தையும் பல்சக்கரப் பெட்டியையும் பிணிக்கும் மரையாணிகள் தளர்ந்திருக்கலாம், சட்டமே வெடித்திருக்கலாம், தண்டின் முன்நுனியைத் தாங்கும் புஷ் என்னும் சிறு வளையம் தேய்ந்து, நுனி உள்ளே உலவிக்கொண்டிருக்கலாம். தேடும் முறை ஒன்றே. முறிந்த உறுப்பிலிருந்து தொடங்கி, அதனைத் தாங்குவது எது, தாங்குவதனைத் தாங்குவது எது என்று இரு திசையிலும் செல்ல வேண்டும்.

கடினப்படுத்திய மரையாணி செய்த தீங்கையும் இங்கே விளங்கக் கூறுதல் தகும். முதலாவது, மரையாணி துளையைவிடச் சற்றுச் சிறியது. இல்லையேல் உள்ளே புகாது. ஆகவே குறுக்காணியைப்போல் துளையை நிரப்பிப் பற்றாமல், அது ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுந்தோறும் துளையை அகழும். இரண்டாவது, கடினமான எஃகு மென்மையான தண்டை அரம்போல் தேய்க்கும். மூன்றாவது, சுருள் ஆணி அதிர்ச்சி வந்தால் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். கெட்டி ஆணிக்கு அது இயலாது. முறிவதற்கு எளியதும் மாற்றுவதற்கு எளியதுமான உறுப்பை முறியாததாக ஆக்கிவிட்டால், முறிவு மறைந்துபோவதில்லை. அடுத்த உறுப்புக்கு இடம் பெயர்கின்றது. இவ்வண்டியில் அது தண்டிற்குப் பெயர்ந்தது. தண்டையும் தடித்ததாக மாற்றினால், பல்சக்கரத்தின் பற்களுக்குப் பெயரும். இணைப்பானைத் தண்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவோரும் உளர். அவர்கள் பின்னாளில் கிளச்சைப் பழுது பார்க்க வேண்டிவரும்பொழுது, தண்டை அறுத்தெடுப்பதன்றி வேறு வழி காணார்.

ஓட்டுநரின் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பொறி முழுவேகத்தில் ஓடும்பொழுது கிளச்சுப் படியிலிருந்து காலைச் சட்டென எடுத்தால், பளுச்சக்கரத்தில் தேங்கிய ஆற்றல் ஒரே அடியாகத் தண்டின்மேல் விழுகின்றது. பனி தள்ளுங் காலத்தில் இத்தீங்கு பெருகும். வழுக்காமல் இருப்பதற்காகப் பின் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி சுற்றுவர். இரும்பு எடைக்கற்களைப் பூட்டுவர். டயரினுள்ளே உறையாத உப்புநீரை நிரப்புவோரும் உண்டு. சாதாரண நாளில் சுமை மிகுந்தால் சக்கரம் தரையில் வழுக்கும். அதுவே தண்டுக்குக் காப்பு. சங்கிலியும் எடையும் அக்காப்பை நீக்கிவிடுகின்றன. உறைந்து கல்லாய்க் கிடக்கும் பனித் திட்டில் தள்ளுபலகை மோதும்பொழுது, சக்கரம் வழுக்காது, தண்டு வழுக்காது, பட்டையோ 1963லேயே போய்விட்டது. அவ்வுரிமையாளரின் தண்டு பனிக்காலத்தில் முறிந்தது தற்செயல் அன்று.

பழுது பார்த்தல் இனி நேரியது. எண்ணெய்க் கசிவை முதலில் அடைக்க வேண்டும். அதனை விட்டுவிட்டுப் புதிய இரப்பரை வைத்தால், அதுவும் சில ஆண்டுகளில் ஊறும். கெட்டது ஒன்றே ஆயினும் தாங்கிகள் அனைத்தையும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். ஒருபுறம் புதிதும் மறுபுறம் பழையதுமாய் இருந்தால் பொறி மறுபடியும் சாயும். பின்னர் இணைப்பான் கையாலேயே வழுக்கிச் செல்லும்வரை, தேவையான இடத்தில் மெல்லிய தகடுகளை அடிக்கொடுத்துப் பொறியின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். முட்டை வடிவான துளையுள்ள இணைப்பானை மாற்றிவிடுதலே நன்று. பழைய வண்டிக்கு உறுப்புக் கிடையாதபொழுது, பழைய துளைக்குக் குறுக்காக, கால் வட்டம் திருப்பி, புதிய துளை இடுவோரும் உண்டு. ஆனால் ஒவ்வொரு துளையும் தண்டின் வலிவில் ஒரு பங்கைக் குறைக்கும் என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். ஒருமுறை கழற்றிய சுருள் ஆணியை மீண்டும் அடித்தலாகாது. அதன் விரியும் தன்மை போயிருக்கும்.

எல்லாம் முடிந்த பின் அந்த உரிமையாளர் ஐந்து மணி நேரம் வண்டியை ஓட்டி, மறுபடியும் சட்டத்தின் அடியில் விளக்கைச் செலுத்தி, ஆணித் துளையைச் சுற்றிச் செம்பொடி படிந்திருக்கின்றதா என்று பார்க்கின்றார். இல்லை. இருபது மணி நேரம் கடந்து மீண்டும் பார்க்கின்றார். அப்பொழுதும் இல்லை. முறிந்த மூன்று குறுக்காணிகளையும், ஒரு மரையாணியையும், தண்டின் துண்டையும் ஒரு சிறு தகரப் பெட்டியில் இட்டு, அவை முறிந்த நாட்களைத் தாளில் எழுதி உள்ளே வைக்கின்றார். பிறகு விறகு வண்டியைப் பூட்டி, கிளச்சை மெல்ல விட்டு, அதே மேட்டின்மேல் ஏறுகின்றார்.